ஜான் டேங்க்வொர்த்: ஜாஸ்காரரா, சினிமாக்காரரா?

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் டேங்க்வொர்த்தைப் பற்றித் தேடினால் ஓரிடத்தில் பீபாப் (1940களில் அமெரிக்காவில் பிறந்த வேகமான, சிக்கலான ஜாஸ் பாணி) முன்னோடி என்கிறார்கள், இன்னோரிடத்தில் சினிமா இசையமைப்பாளர் என்கிறார்கள், மற்றோரிடத்தில் பாடகி க்ளியோ லேனின் கணவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவர் யார்? எல்லாவற்றையும் தொட்டதால் எதிலும் உச்சத்துக்குப் போகாதவரா? அவருடைய இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். டேங்க்வொர்த்தை ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவராக மட்டும் எடுத்துக்கொண்டு பீபாப்பை உருவாக்கிய அமெரிக்க மேதை சார்லி பார்க்கர் பக்கத்தில் நிறுத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் அடிப்படையில் ஒரு பேண்ட் தலைவர். யாரிடம் என்ன திறமை இருக்கிறது, அதை எந்த இடத்தில் எத்தனை வினாடிக்கு வெளியே விடலாம் என்று கணக்குப் போட்டு எழுதத் தெரிந்தவர். சினிமா, டிவி, சிம்பொனி, மனைவியின் கச்சேரிகள் என்று அவர் கை வைத்த எல்லாமே அந்த ஒரு திறமையின் கிளைகள்தான். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்பது மாதிரியான குற்றச்சாட்டை அவர் மேல் பலர் வைத்திருக்கிறார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிறந்தது 1927 செப்டம்பர் 20, லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் வுட்ஃபோர்டு. சின்ன வயதில் வயலினும் பியானோவும். பதினாறு வயது வாக்கில் அமெரிக்க கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் நால்வர் குழு வாசித்த ஒரு ரெக்கார்டைக் கேட்டுவிட்டு கிளாரினெட்டுக்குத் தாவினார். பதின்வயதிலேயே ஃப்ரெடி மிர்ஃபீல்டு அண்ட் ஹிஸ் கார்பேஜ் மென், அதாவது 'குப்பைக்காரர்கள்' என்று தமாஷாகப் பெயர் வைத்துக்கொண்ட குழுவில் கிளாரினெட் வாசித்தார். இன்னொரு பக்கம் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் முறையான படிப்பு. ஜாஸ் வாசிப்பதெல்லாம் மரியாதைக் குறைவு என்று அங்கே நினைத்த காலம் அது. ஆனாலும் அந்தப் படிப்பு அவரை விட்டு எப்போதும் போகவில்லை. பின்னால் எழுதிய எதைக் கேட்டாலும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஓட்டம் கொடுத்து, அவை ஒன்றோடொன்று முட்டாமல் பின்னிப் போகிற ஒழுங்கு இருக்கும். பிறகு பார்க்கரின் ரெக்கார்டுகள் வந்து சேர்ந்தன, கையிலிருந்த கிளாரினெட் ஆல்டோ சாக்ஸபோனாக மாறியது.

அப்போதைய பிரிட்டனின் நிலைமை தெரியாமல் இவருடைய பாதை புரியாது. 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது வருடம் அமெரிக்க பேண்டுகள் பிரிட்டனில் வந்து வாசிக்க வழியில்லை. இரண்டு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கும் இடையே தகராறு, அரசாங்கமும் பெர்மிட் கொடுக்காது. 1956-இல் அமெரிக்க பேண்ட் தலைவர் ஸ்டான் கென்டன் பிரிட்டனுக்கு வர, பிரிட்டனின் டெட் ஹீத் பேண்ட் அமெரிக்காவுக்குப் போக என்று பண்டமாற்று ஏற்பாடு வந்த பிறகுதான் கதவு திறந்தது. அதுவரை லண்டன் பையன்களுக்கு ரெக்கார்டை விட்டால் ஒரே வழி கப்பல். ஜெரால்டோ என்ற பிரபல பேண்ட் தலைவர் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் கப்பல்களுக்கு நடன இசைக்குழுக்களை அனுப்பும் ஏஜென்சி நடத்தினார். இசைக்காரர்கள் அதை 'ஜெரால்டோவின் கடற்படை' என்று கேலியாகச் சொல்வார்கள். டேங்க்வொர்த்தும் அதில் சேர்ந்து குயீன் மேரி கப்பலில் வேலை பார்த்தார். போகும்போதும் வரும்போதும் பணக்காரப் பயணிகள் ஆடுவதற்கு வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் வாசிக்க வேண்டியது. கப்பல் நியூயார்க்கில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் 52-ஆம் தெரு கிளப்புகளுக்கு ஓடி பார்க்கரை நேரில் கேட்பது, திரும்பி வந்து லண்டனில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. சாக்ஸபோன் கலைஞர் ரானி ஸ்காட் உட்பட அந்தத் தலைமுறையில் பலர் இப்படித்தான் பீபாப் கற்றார்கள்.

அந்தக் கூட்டம் சேர்ந்து 1948 கடைசியில் சோஹோவில், கிரேட் விண்ட்மில் தெருவில், 'கிளப் லெவன்' என்று ஒன்றைத் தொடங்கியது. வாசிப்பவர்கள் பத்துப் பேர், நிர்வாகம் பார்க்க ஒருவர், ஆகப் பதினொன்று, அவ்வளவுதான் பெயர்க் காரணம். கிளப்பின் நிரந்தர பேண்ட் இரண்டு, ஒன்றுக்கு ஸ்காட் தலைவர், மற்றதற்கு டேங்க்வொர்த். பிரிட்டனில் பீபாப்பின் பிறந்த வீடு என்றால் இதுதான். 1949-இல் பாரிஸ் ஜாஸ் விழாவுக்குப் போனார், பார்க்கரோடு சேர்ந்து வாசித்தார். இந்தப் பையனைப் பற்றி பார்க்கர் நாலு நல்ல வார்த்தை சொன்னதன் பலனாக ஸ்வீடனில் சிட்னி பெஷேயோடு ஒரு சின்னச் சுற்றுப்பயணம் கிடைத்தது. பெஷே பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியின் மகாவித்துவான், இவரோ புத்தம்புது பாணிக்காரர். இரண்டு முகாமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் இருபத்திரண்டு வயது வாக்கிலேயே இரண்டு பக்கமும் போய் வந்துவிட்டார். இந்தக் குணம் அவரிடம் கடைசி வரை இருந்தது.

1950-இல் சொந்தக் குழு, ஜானி டேங்க்வொர்த் செவன். ஜிம்மி டூகர் டிரம்பெட், எடி ஹார்வி டிராம்போன், டான் ரென்டெல் டெனர் சாக்ஸபோன், பில் லெ சாஜ் பியானோ, டோனி கின்ஸி டிரம்ஸ் என்று பின்னால் ஒவ்வொருவரும் தனியாகப் பேர் வாங்கிய ஆட்கள். அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1948-49-இல் ஒன்பது பேரை வைத்துச் செய்த அந்த மெதுவான, அடக்கமான, நிறம் கலந்த ஒலி இவர்களை ரொம்பப் பாதித்திருந்தது. கலை சரி, வயிறு? ஊர் ஊராக டான்ஸ் ஹால்களில் வாசித்தால்தான் காசு, டான்ஸ் ஹாலுக்கு வருபவர்கள் கால் ஆடத்தான் வருகிறார்கள், பீபாப் கேட்க இல்லை. அதனால் பாடகர்கள் தேவைப்பட்டார்கள். கயானாவில் பிறந்த ஃபிராங்க் ஹோல்டர் ஏற்கனவே இருந்தார். 1951-இல் குரல் தேர்வுக்கு ஒரு பெண் வந்தார். லண்டனின் சவுத்தாலில் பிறந்தவர், அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஆங்கிலேயர், பெயர் க்ளெமென்டினா. வாரம் ஆறு பவுண்டு தருகிறேன் என்றாராம் டேங்க்வொர்த், ஏழு கொடுத்தால் வருகிறேன் என்று இவர் பேரம் பேசி வாங்கினாராம். பெயர் நீளம் என்று க்ளியோ லேன் ஆக்கினார்கள். அந்தக் கூடுதல் ஒரு பவுண்டைப் போல லாபமான முதலீடு பிரிட்டிஷ் ஜாஸில் வேறு இல்லை என்பேன்.

1958 மார்ச்சில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் லண்டன் நாட்டிங் ஹில்லில் கரீபியன் மக்கள் மீது வெள்ளைக் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. அதற்கு எதிராக இசை, நாடக உலகத்தினர் இன நட்புக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கியபோது இந்தத் தம்பதி அதில் முன்னால் நின்றது. அவர்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே இருந்த விஷயம்.

சரி, பேண்டுக்கு வருவோம். 1953-இல் செவனைக் கலைத்துவிட்டுப் பெரிய பேண்ட் ஆரம்பித்தார். வழக்கமான பிக் பேண்டில் ஐந்து சாக்ஸபோன்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே குரலாக ஊதும். இவர் ஐம்பதுகளின் கடைசியில் அதை மாற்றினார். டிரம்பெட், டிராம்போன், வேறுவேறு சாக்ஸபோன்கள் என்று கலந்த தனிக் கலைஞர் வரிசை முன்னால், அதற்குப் பின்னணியாகப் பித்தளை வாத்தியங்கள். கேட்டால் ஒரு பெரிய பேண்டுக்கு நடுவில் பழைய செவன் ஒளிந்திருப்பது தெரியும். 1959-இல் அந்த பேண்டோடு அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவுக்குப் போனார். நியூயார்க் லூயிசோன் ஸ்டேடியத்தில் டியூக் எலிங்டனோடு ஒரே நிகழ்ச்சியில் வாசித்தபோது லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கே மேடையேறி இவர்களோடு சேர்ந்து வாசித்தார். 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்றுதான் பிரிட்டிஷ் ஜாஸை அதுவரை அமெரிக்காவில் பார்த்தார்கள். அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது அப்போதுதான்.

ஹிட் பாட்டு என்று பார்த்தால் இரண்டு. 1956-இன் 'எக்ஸ்பெரிமென்ட்ஸ் வித் மைஸ்' டாப் டென்னுக்குள் போனது, தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின், பின்னால் பீட்டில்ஸைத் தயாரித்த அதே ஆள். மூன்று குருட்டு எலிகள் பற்றிய குழந்தைப் பாட்டு மெட்டை எடுத்துக்கொண்டு, இதை பென்னி குட்மேன் வாசித்தால் எப்படி, க்ளென் மில்லர் வாசித்தால் எப்படி, ஜெரி மல்லிகன், ஸ்டான் கென்டன் என்றால் எப்படி என்று வரிசையாகச் செய்துகாட்டுகிறார், நடுநடுவே தன் குரலிலேயே அறிமுகமும் கொடுத்துக்கொண்டு. வெறும் மிமிக்ரி என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மில்லர் பகுதியில் கிளாரினெட் மேலே ஏறி சாக்ஸபோன்கள் அதன் கீழே ஒட்டிக்கொள்ளும் விதத்தையும், கென்டன் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் தேவைக்கு மேல் கத்தும் விதத்தையும் கவனியுங்கள். சில வினாடிகளில் ஒரு பேண்டின் ரகசியம் என்ன என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிவிடுகிறார். ஒரு பாணியை இவ்வளவு சரியாகக் கேலி செய்ய வேண்டுமென்றால் அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது ஹிட் 1961-இன் 'ஆஃப்ரிக்கன் வால்ட்ஸ்'. அது இவர் எழுதியதல்ல, கால்ட் மக்டெர்மட் எழுதியது (பின்னால் 'ஹேர்' நாடகத்துக்கு இசையமைத்தவர்). கேனன்பால் ஆடர்லியும் அதே வருடம் அதை எடுத்து வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஆடர்லியின் சாக்ஸபோன் நம்மைப் பிடித்து உலுக்கும், டேங்க்வொர்த்தின் பேண்ட் அளந்து அடியெடுத்து வைக்கும். அமெரிக்கனுக்கும் ஆங்கிலேயனுக்கும் உள்ள வித்தியாசமா, இரண்டு தனிமனிதர்களின் வித்தியாசமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போது சினிமா. ஐம்பதுகளின் கடைசியில் பிரிட்டிஷ் சினிமாவில் ஒரு புது அலை வந்தது. கோட்டை, அரண்மனை, பிரபுக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு தொழிற்சாலை, சந்து, சாராயக்கடை என்று கேமரா இறங்கியது. பழைய மாதிரி வயலின்கள் அழும் இசை அதற்கு ஒட்டாது. கரேல் ரைஸ் தன் 'வி ஆர் தி லாம்பெத் பாய்ஸ்' ஆவணப்படத்துக்கும், பிறகு 1960-இல் 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' படத்துக்கும் டேங்க்வொர்த்தைக் கூப்பிட்டார். அதே வருடம் ஜோசப் லோசியின் 'தி கிரிமினல்', பிறகு 'டார்லிங்', 'மார்கன்', 'மாடஸ்டி பிளேஸ்', 'ஆக்ஸிடென்ட்' என்று வரிசையாக வந்தது. இதில் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால் 1963-இன் 'தி சர்வன்ட்' பாருங்கள். வேலைக்காரன் மெல்ல மெல்ல எஜமானனைத் தன் பிடிக்குள் கொண்டுவரும் கதை, திரைக்கதை ஹாரால்ட் பின்டர். வீட்டில் ஒரு கிராமஃபோன் ரெக்கார்டு திரும்பத் திரும்ப ஓடும், க்ளியோ லேன் பாடும் 'ஆல் கான்', வரிகளும் பின்டருடையவை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே பாட்டுக்கு வேறு வாத்திய அமைப்பு. முதலில் காதல் பாட்டு மாதிரி இருந்தது கடைசியில் அந்த வீட்டின் நோய் மாதிரி ஆகிவிடும். அறைக்குள் ஒரு ரெக்கார்டு ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது நமக்குத் தெரியாமல் படத்தின் பின்னணி இசையாகவும் வேலை செய்கிறது. எலிப் பாட்டில் செய்த அதே வித்தைதான், ஒரே மெட்டுக்குப் பல சட்டை. இங்கே சிரிப்பு வராது.

டிவியில் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற பிரிட்டிஷ் உளவுத் தொடரின் முதல் தீம் இவருடையது. ரொம்பப் பேருக்குத் தெரிந்தது 1965-இல் லாரி ஜான்சன் போட்ட பிந்தைய தீம் என்பதால் இவர் பெயர் மறைந்துவிட்டது. பிபிசியின் அறிவியல் நிகழ்ச்சி 'டுமாரோஸ் வேர்ல்டு' தீமும் இவருடையதுதான். ஆகக்கூடி அறுபதுகளில் ஒரு சராசரி பிரிட்டிஷ் குடும்பம், ஜாஸ் என்றால் முகம் சுளிக்கிற குடும்பமாக இருந்தாலும், வாரத்தில் ஒருமுறையாவது டேங்க்வொர்த்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் பீட்டில்ஸ் அலை அடித்து டான்ஸ் ஹால் பேண்டுகளின் பிழைப்பைக் கொண்டுபோய்விட்டது. சினிமா, விளம்பரம், டிவி என்று அவர் ஓடியதற்கு ஆசை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம், ஏனென்றால் பதினாறு பதினேழு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. ஆனால் ஒன்று, பேண்டை வைத்து அவர் செய்த மிகச் சிறந்த வேலைகளும் இந்தச் சமயத்தில்தான் வந்தன. 1963-இல் 'வாட் தி டிக்கன்ஸ்!', சார்லஸ் டிக்கன்ஸின் கதாபாத்திரங்களை வைத்து ஒரு தொகுப்பு. சாக்ஸபோன் கலைஞர் டப்பி ஹேஸ் மாதிரி வெளி ஆட்களையும் அழைத்து, எந்தப் பாத்திரத்துக்கு எந்த ஆள் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். அடுத்து 'தி ஜோடியாக் வேரியேஷன்ஸ்', பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு உருப்படி, க்ளார்க் டெர்ரி, பாப் ப்ரூக்மேயர், ஃபில் வுட்ஸ் போன்ற அமெரிக்கர்களும் வந்து வாசித்தது. ராசிபலன் எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், தலைப்பு ஒரு சாக்குதான்.

என்னைக் கேட்டால், பேண்ட் தலைவராக அவர் யார் என்பதற்கு ஒரு சாட்சி போதும், அவர் எழுதாத ஒரு ஆல்பம். கென்னி வீலர் என்ற கனடாக்காரர் பேண்டில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தார், வெட்கப்படுகிற சுபாவம், தன்னைப் பற்றித் தானே சந்தேகப்படுகிறவர். பல் தொந்தரவால் அவரால் கொஞ்ச காலம் ஊத முடியாமல் போனது. டிரம்பெட்காரருக்குப் பல் போனால் பிழைப்பே போன மாதிரி. வேறு தலைவராக இருந்தால் இன்னொரு ஆளைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். டேங்க்வொர்த், சும்மா இருக்கிற நேரத்தில் முழு பேண்டுக்கும் ஒரு ஆல்பம் எழுது என்றார். அப்படி வந்ததுதான் டான் கியோட்டே கதையை வைத்து 1968-இல் பதிவான 'விண்ட்மில் டில்ட்டர்'. இன்று பெரிய இசையமைப்பாளராக மதிக்கப்படும் வீலரின் முதல் ஆல்பம் அதுதான். அதில் பாஸ் வாசித்த டேவ் ஹாலண்டும் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாஃப்லினும் கொஞ்ச நாளில் நியூயார்க் போய் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தார்கள். மெக்லாஃப்லின் பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், நம்ம விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவைத் தொடங்கியது உங்களுக்கே தெரியும். டட்லி மூர் நகைச்சுவை நடிகராகப் புகழ் பெறும் முன் இதே டேங்க்வொர்த் பேண்டில் பியானோ வாசித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1970-இல் தம்பதி லண்டனுக்கு வடக்கே வேவண்டன் என்ற ஊரில் தங்கள் வீட்டை ஒட்டியிருந்த பழைய குதிரை லாயத்தைக் கச்சேரி அரங்கமாக்கினார்கள். பெயரே 'தி ஸ்டேபிள்ஸ்', லாயம். ஜாஸ், செவ்வியல், நாட்டுப்புற இசை எல்லாம் ஒரே மேடையில், கூடவே இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சியும். பிற்பாடு புதிய கட்டிடம் வந்து இன்றும் நடக்கிறது.

எழுபதுகளிலிருந்து கதை மாறுகிறது. க்ளியோ லேன் அமெரிக்காவில் பெரிய நட்சத்திரமானார், கார்னெகி ஹால் கச்சேரிகள், 1986-இல் கிராமி. டேங்க்வொர்த் அவருடைய இசை இயக்குனராக உலகம் சுற்றினார். நான் முதலில் சொன்ன பாதி நியாயம் இங்கேதான் வருகிறது. சொந்தமாக ஒரு பெரிய பேண்டைத் தொடர்ந்து நடத்தி, 'வாட் தி டிக்கன்ஸ்!' மாதிரி வருடத்துக்கு ஒன்று எழுதியிருந்தால் பிரிட்டிஷ் ஜாஸின் எழுத்து மரபே வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த இழப்பு உண்மை. ஆல்டோ வாசிப்பும் அப்படித்தான். சுத்தமான, மெல்லிய, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தொனி அவருடையது, சுருதி ஒருபோதும் பிசகாது, ஆனால் தன் பேண்டிலேயே தனி ஆவர்த்தனத்தை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு எட்டே தாளச் சுற்றில் முடித்துக்கொள்கிற மனிதரிடம் நீண்ட, கொதிக்கிற தனிவாசிப்பு எதிர்பார்க்க முடியாது. அதற்கு டப்பி ஹேஸ், ஜோ ஹாரியட் போன்ற பிரிட்டிஷ் சாக்ஸபோன்காரர்கள் இருக்கிறார்கள். அதே சமயம், மனைவிக்கு வாசித்ததைத் தியாகம் என்றோ வீண் என்றோ பேசுவது அபத்தம். க்ளியோவின் மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) தாண்டும் குரலும் இவருடைய சாக்ஸபோனும் ஒரே மெட்டை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மேலே போகும் இடங்களில் எது குரல் எது வாத்தியம் என்று ஒரு கணம் பிடிபடாது. அதை வேறு எந்த ஜோடியும் அந்த அளவுக்குச் செய்ததில்லை.

மரியாதைகளும் வந்தன. க்ளியோவுக்கு 1997-இல் டேம் பட்டம் (சர் பட்டத்தின் பெண்பால்), இவருக்கு 2006-இல் சர் பட்டம். மகன் அலெக் பாஸ் வாசிப்பவர், மகள் ஜாக்கி பாடகி, அப்பாவும் மகனும் சேர்ந்து 'ஜெனரேஷன் பேண்ட்' என்று ஒன்றும் நடத்தினார்கள். 2010 பிப்ரவரி 6 அன்று, ஸ்டேபிள்ஸின் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரி நடக்கவிருந்த நாளில், டேங்க்வொர்த் காலமானார். குடும்பம் கச்சேரியை ரத்து செய்யவில்லை. க்ளியோவும் பிள்ளைகளும் மேடையேறினார்கள், முடிவில்தான் க்ளியோ பார்வையாளர்களிடம் செய்தியைச் சொன்னார். க்ளியோ 2025 ஜூலையில் தன் 97-ஆவது வயதில் மறைந்தார்.

கடைசியாக, எங்கிருந்து தொடங்குவது. முதலில் எலிப் பாட்டு, சில நிமிட வேலைதான். பிறகு 'வாட் தி டிக்கன்ஸ்!', இதை முழுதாக, ஒரே மூச்சில். அடுத்து 'தி சர்வன்ட்' படம், பாட்டை மட்டும் தனியாகக் கேட்காமல் படமாகவே பாருங்கள். க்ளியோ வேண்டுமென்றால் 1964-இன் 'ஷேக்ஸ்பியர் அண்ட் ஆல் தட் ஜாஸ்', ஷேக்ஸ்பியரின் வரிகளுக்கு மெட்டுப் போட்டது, இங்கிலீஷ் நாடகம் படித்து நொந்தவர்களுக்குக்கூடப் பிடிக்கும். 'விண்ட்மில் டில்ட்டர்' ரொம்ப காலம் கிடைக்காமல் இருந்து 2010 வாக்கில் மறுவெளியீடு வந்தது, கிடைத்தால் விடாதீர்கள். பிற்காலத்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா பாப்ஸ் கச்சேரிப் பதிவுகளை அவசரமில்லாமல் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பார்க்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.